விளையாடிவிட்டு அனுப்பினால் அது பயிற்சியா? பேச்சுப் பயிற்சி பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பீச் தெரபி பற்றித்தான். எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, குழந்தைகளின் அடையாளம் தெரியாதபடி சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். அம்மா, அப்பா, வா, இல்ல மாதிரி ஆறு வார்த்தைதான் சொல்கிறான். குழந்தை நல மருத்துவர் ஸ்பீச் தெரபிக்குப் போகச் சொன்னார். மூன்று முறை போய்விட்டோம். அந்த மேடம் 40 நிமிடமும் சோப்பு நுரை ஊதி, கார் ஓட்டி விளையாடிவிட்டு அனுப்பிவிடுகிறார். "விளையாட நம்ம வீட்டில் ஆள் இல்லையா, இதுக்கு எதுக்கு அங்கே போகணும்" என்று கணவர் கோபப்படுகிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அங்கே என்ன நடக்க வேண்டும்?

பதில்: உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதுதான். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அடுத்த முறை இரண்டு பேரும் போய் ஓரமாக உட்கார்ந்து, அந்த நுரை ஊதும் நேரத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்.

அவர் ஊதுவார், குமிழிகள் பறக்கும், உங்கள் பையன் துள்ளிக் குதிப்பான். உடனே மறுபடி ஊத மாட்டார். மூடியை இறுக்கி மூடி, டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவன் திருகிப் பார்ப்பான், வராது. இழுத்துப் பார்ப்பான், வராது. அப்புறம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் காத்திருந்தார். டப்பாவை நீட்டி "ம்ம்" என்பான். அவர் "திற" என்று ஒரே வார்த்தை சொல்லி, திறந்து, ஊதுவார். இதே ஆட்டம் எட்டு முறை, பத்து முறை நடக்கும். ஒரு நாள் "தி" என்று ஒரு சத்தம் வரும். அதையே முழு வார்த்தை சொன்னதுபோல் ஏற்றுக்கொண்டு அவர் உடனே ஊதிவிடுவார்.

பேச்சு என்பது வாயில் தொடங்குவதில்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பது, இரண்டு பேரும் ஒரே பொருளைக் கவனிப்பது, உன் முறை என் முறை என்று மாறி மாறிச் செய்வது, வேண்டும் என்பதைக் கையாலாவது காட்டுவது, அடுத்தவர் செய்வதைப் பார்த்துத் திருப்பிச் செய்வது, இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் வார்த்தை வந்து நிற்கிறது. இரண்டு வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து "அ சொல்லு, ஆ சொல்லு" என்று வாங்க முடியாது. அந்த வயதில் அவனுக்கு விளையாட்டுதான் பாடம்.

முதல் ஒன்றிரண்டு செஷன்கள் அளவிடுவதற்கே போகும். கர்ப்ப காலம், பிரசவம், எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், காதில் சீழ் வந்ததா, குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா என்றெல்லாம் கேட்பார்கள். சொன்னது எவ்வளவு புரிகிறது, எத்தனை வார்த்தை வருகிறது, எப்படி விளையாடுகிறான், உதடும் நாக்கும் எப்படி அசைகின்றன என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் இருப்பது சகஜம். அதனால் வீட்டில் அவன் விளையாடும்போது, பேசும்போது எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைக் கொண்டுபோங்கள், மிகவும் உதவும். அவன் சொல்லும் வார்த்தைகளை எழுதிவையுங்கள். தண்ணிக்கு "ணி" என்றும் வண்டிக்கு "பீ பீ" என்றும் எப்போதும் ஒரே மாதிரி சொன்னால் அவையும் வார்த்தைகள்தான், கணக்கில் சேர்க்கலாம். பொதுவாக ஒரு வயதை ஒட்டி முதல் வார்த்தை, இரண்டு வயதில் ஏறக்குறைய 50 வார்த்தையும் "அப்பா வா", "பந்து குடு" மாதிரி இரண்டு சொல் சேர்ப்பதும் எதிர்பார்ப்போம். ஆறு வார்த்தை என்பது குறைவு. உங்களை அனுப்பிய மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அதில் ஒரு மணியோ இரண்டு மணியோதான் அந்த அறையில் கழிகிறது. அந்த நேரத்தில் அவன் பேசக் கற்றுக்கொண்டுவிட மாட்டான், அவனோடு எப்படிப் பேசுவது என்று நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். செஷன் முடியும்போது "இந்த வாரம் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். கனடாவில் 1975-இல் தொடங்கிய ஹானன் முறை பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதையே மையமாக வைத்து உருவானது. இன்று உலகம் முழுக்கப் பல தெரபிஸ்டுகள் அந்த வழியில்தான் வேலை செய்கிறார்கள். உங்களை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தாமல் உள்ளே வைத்துக்கொண்டு செய்து காட்டுகிறார் என்றால், நல்ல கையில்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் "நிறையப் பேசுங்க" என்கிறார்கள். நான் நாள் பூராவும் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். "இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் பதிலே சொல்வதில்லை.

பதில்: கேள்விகளைக் குறைத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் எல்லாமே பரீட்சைக் கேள்விகள். பேசவே தடுமாறுகிற குழந்தைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தோல்வியாகப் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி நீங்களே ஒரு வரி சொல்லுங்கள். பந்தைப் பார்த்தால் "பந்து. உருளுது." அவ்வளவுதான். அவள் "பந்து" என்றால் நீங்கள் "பெரிய பந்து" என்று ஒரே ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். அவள் ஒரு படியில் நின்றால் நீங்கள் அடுத்த படியில் நிற்க வேண்டும், மாடியில் நின்று கூப்பிடக் கூடாது.

அப்புறம், காத்திருங்கள். ஒன்று சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, இரண்டு நொடியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். குழந்தை கேட்டதைப் புரிந்துகொண்டு, வார்த்தையைத் தேடி, வாயை அதற்குத் தயார் செய்ய நேரம் வேண்டாமா? நிறையப் பேசுவதைவிட, நீங்கள் ஒன்று அவள் ஒன்று என்று மாறி மாறிப் போவதுதான் முக்கியம். அவள் பங்கு வெறும் சிரிப்பாகவோ சுட்டிக்காட்டுவதாகவோ இருந்தாலும் சரி.

செல்போன் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரை திரையே வேண்டாம், ஒன்று முதல் இரண்டு வயது வரையும் தவிர்த்துவிடுவது நல்லது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. திரை பேசும், ஆனால் குழந்தை பதில் சொல்லக் காத்திருக்காது. ரைம்ஸை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கூப்பிட்டால் திரும்புகிறாள், டிவி சத்தம் கேட்டால் ஓடி வருகிறாள். இருந்தும் பேச்சுப் பயிற்சிக்கு முன் காது டெஸ்ட் கட்டாயம் என்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சு தெளிவாகக் கேட்பது வேறு. தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகக் கேட்டு, ச, ஸ, ஷ போன்ற உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காமல் போகலாம். அப்படிப்பட்ட குழந்தை கூப்பிட்டால் திரும்பும், கதவு சாத்தினால் திடுக்கிடும், ஆனால் வார்த்தைகள் அதற்கு அரைகுறையாகத்தான் வந்து சேரும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் இருக்கும், வலியே இல்லாமல்கூட இது நடக்கும். டெஸ்டில் வலி கிடையாது. சில வகைப் பரிசோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடலாம். பிறந்தவுடன் எடுத்த டெஸ்ட் சரியாக இருந்தது என்பதற்காக விட்டுவிட வேண்டாம், குறை பிறகும் வரலாம்.

கேள்வி: எத்தனை மாதத்தில் பேசிவிடுவான்? யாரைக் கேட்டாலும் "சொல்ல முடியாது" என்கிறார்கள். பக்கத்து வீட்டில் "ஆண் பிள்ளை லேட்டாத்தான் பேசும், விடுங்க" என்கிறார்கள்.

பதில்: "சொல்ல முடியாது" என்றவர் உங்களை ஏமாற்றவில்லை. "மூன்று மாதத்தில் பேசவைக்கிறேன், கேரண்டி" என்று சொல்பவரிடம்தான் நீங்கள் போகக் கூடாது.

காரணத்தைப் பொறுத்துத்தான் காலம். காது, அறிவு, பழகும் விதம் எல்லாம் சரியாக இருந்து பேச்சு மட்டும் பிந்தும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள், சிலர் ஒரு சில மாதங்களிலேயே. ஆட்டிசம், செவிக் குறை, அல்லது மூளை சொல்வதை வாய் அசைவாக மாற்றுவதிலேயே சிரமம் என்றால் வருடக்கணக்கில் ஆகும். இதில் சங்கடம் என்னவென்றால், இரண்டு வயதில் எந்தக் குழந்தை தானாக எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்துவது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, வருடக்கணக்கில் காத்திருக்க அது காரணமாகாது. தேவைப்படாத ஒரு குழந்தைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. தேவைப்பட்ட குழந்தைக்குக் கொடுக்காமல் விட்ட இரண்டு வருடம் திரும்பி வராது.

ஆகவே "எப்போது பேசுவான்" என்பதற்குப் பதிலாக "அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள், அது நடந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்" என்று கேளுங்கள். "பத்துப் பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்", "சைகை இல்லாமல் சொல்லும் இரண்டு கட்டளைகளைப் புரிந்து செய்ய வேண்டும்" என்பதுபோல எண்ணிப் பார்க்கக்கூடிய பதில் வர வேண்டும். நடுவில் சில வாரங்கள் ஒன்றுமே நகராததுபோல் தெரியும், அப்படியே இருந்து திடீரென்று ஒரே வாரத்தில் நாலு வார்த்தை வரும். இரண்டுமே இயல்புதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைக் குழந்தை இழந்தால், எந்த வயதாக இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது ஆகப்போகிறது. காக்காவைத் "தாத்தா" என்கிறாள், கதவைத் "ததவு" என்கிறாள். கேட்க அழகாக இருக்கிறதென்று எல்லோரும் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார்கள். பள்ளியில் டீச்சருக்குப் புரியவில்லையாம். நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்ட வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர்.

பதில்: முதலில் அந்த வெட்டு யோசனையை ஓரம் வையுங்கள். "க" சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி மேலே தொடும், "த"வுக்கு நுனி முன்னால் பல்லைத் தொடும். உங்கள் மகள் பின்னால் தொட வேண்டியதை முன்னால் தொடுகிறாள், அவ்வளவுதான் விஷயம். நாக்கு நுனி நன்றாகவே வேலை செய்கிறது! சவ்வு ஒட்டியிருப்பது பிறந்த குழந்தை பால் குடிப்பதைச் சிரமமாக்கலாம், ஆனால் "க"வைத் "த" ஆக்காது, பேச்சு தாமதத்துக்கும் அது காரணமில்லை.

சின்ன வயதில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்ச நாள் இப்படிப் பேசுவதுண்டு. ஆனால் 4 வயதில் வெளியாட்களுக்கும் குழந்தை பேசுவது பெரும்பாலும் புரிய வேண்டும். டீச்சருக்கே புரியவில்லை என்பதால் இப்போதே போய்க் காட்டுங்கள். ர, ற, ழ எல்லாம் பிந்தி வரும் ஒலிகள், அவற்றுக்காக இந்த வயதில் கவலை வேண்டாம்.

இந்த மாதிரிப் பயிற்சி, முதல் கடிதத்தில் சொன்னதைப் போலிருக்காது, கொஞ்சம் பாடம் மாதிரியே இருக்கும். முதலில் காதுக்குத்தான் வேலை. "காய்" படமும் "தாய்" படமும் மேசையில் இருக்கும், தெரபிஸ்ட் சொல்வதை அவள் தொட வேண்டும். பிறகு அவள் சொல்ல, தெரபிஸ்ட் தொடுவார். அவள் காயை நினைத்துக்கொண்டு "தாய்" என்றால் தெரபிஸ்ட் தாய் படத்தைத்தான் தொடுவார். தான் நினைத்தது ஒன்று, எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தது வேறு என்று குழந்தை முகம் சுருங்கி நிமிரும் அந்தக் கணம் ஆயிரம் தடவை "சரியாச் சொல்லு" என்பதைவிடப் பெரியது. அப்புறம் "க்" தனியாக, "கா", "கீ", வார்த்தையின் தொடக்கத்தில், நடுவில், சின்ன வாக்கியத்தில், கடைசியாகச் சாதாரணப் பேச்சில் என்று படிப்படியாகப் போகும். அறையில் சரியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் பழையபடி "ததவு" என்பாள். கடைசிப் படிதான் நீளமானது, ஏமாற்றம் வேண்டாம்.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் போதும், நேரம் குறித்து உட்காருங்கள். மற்ற நேரத்தில் அவள் "ததவு" என்றால் திருத்தாமல் "ஆமா, கதவு திறந்திருக்கு, கதவைச் சாத்தலாமா" என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டுப் போய்விடுங்கள். வேடிக்கைக்காக அவளைத் தப்பாகச் சொல்லவைத்துச் சிரிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அவளுக்குப் புரியாது என்று நினைக்கிறார்கள், புரியும்.

விசில் ஊதவைப்பது, உறிஞ்சு குழாயில் இழுக்கவைப்பது, கன்னத்தைத் தடவி விடுவது என்றே மாதக்கணக்கில் செஷன் போனால் ஏன் என்று கேளுங்கள். ஊதுவதில் தசைக்கு வேலை கிடைக்கலாம். அதனால் ஒலிகள் திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. "க" வர வேண்டும் என்றால் "க"வைத்தான் பழக வேண்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகன் திடீரென்று "நா நா நா நான்" என்று திக்க ஆரம்பித்திருக்கிறான். இரண்டு மாதமாகிறது. எதையாவது பார்த்துப் பயந்துவிட்டானா? திக்குபவர் யாரையாவது பார்த்து வந்திருக்குமா?

பதில்: இரண்டும் இல்லை. திக்கல் பயத்தாலோ பார்த்துப் பழகுவதாலோ வருவதில்லை, வளர்ப்பில் குறை என்பதாலும் இல்லை. பேச்சு வேகமாக வளரும் 2 முதல் 5 வயதுக்குள் நூற்றில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது திக்கல் தொடர்ந்து இருந்தால், ஆறு மாதம் தாண்டினால், சொல்ல முடியாமல் கண்ணை இறுக்கினால், முகம் கோணினால், "எனக்குப் பேச வரல" என்று அவனே சொன்னால், காத்திருக்காமல் போங்கள். இந்த வயதுக்கான பயிற்சிகளில் பலவற்றை வீட்டில் பெற்றோரேதான் நடத்துவார்கள், தெரபிஸ்ட் வாரம் ஒரு முறை பார்த்து வழிகாட்டுவார்.

"மெதுவாப் பேசு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேளுங்கள், எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி. ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு மொழியால் பேச்சு தாமதம் ஆவதில்லை. வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள்.

கேள்வி: 4 வயது மகனுக்கு ஆட்டிசம். வார்த்தை எதுவும் இல்லை. தெரபிஸ்ட் பட அட்டைகளைக் கொடுத்து, வேண்டியதை எடுத்து நீட்டப் பழக்குகிறார். நாங்கள் போனது பேசவைக்க. படத்துக்கே பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில்: சகோதரி, இந்தப் பயம் அநேகமாக எல்லாப் பெற்றோருக்கும் வருகிறது. இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். படம், சைகை, பேசும் கருவி ஆகியவை பேச்சைத் தடுத்ததாகத் தெரியவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவே செய்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், இதுவரை அவனுக்கு ஒன்று வேண்டும் என்றால் என்ன வழி இருந்தது? அழுவது, கையைப் பிடித்து இழுப்பது, தலையை முட்டிக்கொள்வது. இப்போது ஓர் அட்டையை நீட்டினால் உடனே ஊஞ்சல் ஆடுகிறது. நான் ஒன்று சொன்னால் உலகம் அசையும் என்று முதல் முறையாக அவனுக்குத் தெரிகிறது. அட்டையை வாங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் "ஊஞ்சல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அட்டையைக் கொடுத்தும் தராமல் "சொன்னால்தான் தருவேன்" என்று மட்டும் பிடித்துவைக்காதீர்கள், அவன் கேட்டுவிட்டான். வார்த்தை வருமா என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. வந்தாலும் வராவிட்டாலும் தன் மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி இன்றே வேண்டும்.

கேள்வி: நான் அப்பா. இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். மனைவிதான் செஷனுக்கு அழைத்துப் போகிறாள். என் பங்குக்கு என்ன செய்ய முடியும்?

பதில்: போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள், குழந்தையின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தூங்கும் முன் சட்டை மாற்றும் பத்து நிமிடமே போதும். சட்டையைத் தலை வழியாகப் பாதி இழுத்துவிட்டு நிறுத்துங்கள், "எங்கே பாப்பா?" என்று கேட்டுக் காத்திருங்கள். உள்ளேயிருந்து ஏதாவது ஒரு சத்தம் வரும். வந்ததும் "இதோ!" என்று இழுத்துவிடுங்கள். நாளைக்கும் அதே இடத்தில் நிறுத்துங்கள்.